கட்டிலுக்கு வெளியே தொங்கிய கால்

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில்தான் படுப்பார். கடைசிக் காலத்தில் ஒரு எட்டு மாதம் அவர் படுக்கிற விதம் மாறியிருந்தது. உடம்பு கட்டிலில் இருக்கும். இடது கால் மட்டும் பக்கவாட்டில் தரையைப் பார்த்துத் தொங்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறவர்கள் அதில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கிப் போகப் பழகிவிட்டோம். "ஏன் பெரியப்பா, காலை மேல வச்சுக்கக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன். "மேல வச்சா குடையுதுப்பா. தொங்கப் போட்டாத்தான் கொஞ்சம் இதமா இருக்கு" என்றார். பெரியம்மா தைலம் தேய்த்துவிட்டார். அண்ணன் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வந்தார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு களிம்பு டியூப் வாங்கிக்கொண்டு போனேன். அக்கறையாக இருக்கிறோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவருக்குச் சர்க்கரை வந்து பதினேழு வருஷமாகியிருந்தது. மாதம் தவறாமல் டாக்டரிடம் போய்வந்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஆக, பெரியப்பாவின் வெறுங்கால்கள் இரண்டும் மாதாமாதம் டாக்டருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தன. மேஜைக்கு அடியில் இருந்ததால் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஒருநாள் காலையில் சுண்டுவிரல் கறுத்திருந்தது. நகம் வெட்டும்போது பட்ட சின்னக் காயம் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் புறங்காலில் இரண்டு விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். கணுக்காலின் உள்பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்து, "எத்தனை நாளா காலைத் தொங்கப் போட்டுத் தூங்கறார்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு பேர் இருந்த வீடு அது. எல்லோரும் பார்த்திருந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார்.

யார் மேல் தப்பு என்று வீட்டில் பல நாள் பேச்சு ஓடியது. பீடியை விடச் சொன்னோம், அவர்தான் கேட்கவில்லை என்றார் அண்ணன். மாசம் தவறாமல் கூட்டிக்கொண்டு போனேனே, டாக்டருக்குத் தெரிய வேண்டாமா என்றார் பெரியம்மா. இவ்வளவு முற்றவிட்டுக் கொண்டு வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஒவ்வொருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஆனால் அவரவர் பங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் எல்லோரும் பேசினோம். சர்க்கரைக் கால் பற்றிய நம் பொதுப் பேச்சும் இதே இடத்தில்தான் நிற்கிறது. நோயாளியின் அலட்சியம், டாக்டரின் அவசரம், அரசின் மெத்தனம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். இந்த நோயைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் ஒன்று புரியும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும், தனி ஆளாகத் தன் காலைக் காப்பாற்றிக்கொள்வது கடினம். அதற்குக் காரணம் இந்த நோய் காலுக்குள் செய்யும் வேலையிலேயே இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். எங்கள் வீட்டுக் கணக்கும் அப்போது அதுவாகத்தான் இருந்தது.

சர்க்கரை காலுக்குள் இரண்டு வழியாக இறங்குகிறது. ஒன்று ரத்தக் குழாய், இன்னொன்று நரம்பு. வருஷக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சி ஓடினால் குழாயின் உட்சுவர் கெடுகிறது. அதில் கொழுப்பு படிகிறது, சுண்ணாம்பு ஏறி விறைக்கிறது. இதயத்துக்குப் போகும் குழாய்க்கு நடப்பதுதான் காலுக்கும் நடக்கிறது. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய குழாய்கள்தான் அதிகம் அடைபடுகின்றன. பீடி, சிகரெட், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு எல்லாம் சேர்ந்தால் இன்னும் வேகம். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை பல மடங்கு ரத்தம் கேட்கும். சுருங்கிய குழாயால் கொடுக்க முடியாது. தசை பிடித்துக்கொள்ளும். நின்றால் இரண்டு மூன்று நிமிஷத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும்.

பெரியப்பாவுக்கு இது நடந்ததை இப்போது படிப்படியாக என்னால் சொல்ல முடிகிறது. காலையில் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார். முதலில் ஒரே மூச்சில் போய்வந்துகொண்டிருந்தவர், பிறகு நடுவழியில் புளியமரத்தடியில் நின்று போனார். வெயில் என்றார். சில மாதத்தில் ரேஷன் கடைத் திண்ணையிலும் உட்கார்ந்து போனார். வயசாயிடுச்சு என்று நாங்களே சொன்னோம். கடைசியில் டீயைத் தூக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கே வாங்கிவரச் சொன்னார். புளியமரத்தடியில் நின்ற அந்த மாதங்கள்தான் அவர் காலைக் காப்பாற்றியிருக்கக் கூடிய மாதங்கள். பீடியை நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை இவற்றோடு அந்தக் கட்டத்தில் நடையே ஒரு மருந்து. காலில் புண் இல்லாதவரை, டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும், வலி வந்ததும் நிற்க வேண்டும், விட்டதும் திரும்ப நடக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதம் நடந்தவர்களுக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது. போதவில்லை என்றால் அடைப்பை பலூன் வைத்து விரிக்கலாம், மாற்றுக் குழாய் போட்டுத் தைக்கலாம். கால் படுக்கையிலிருந்து தொங்கத் தொடங்கிய பிறகு நாட்கள் குறைவு. படுத்தால் ரத்தம் பாதம் வரை வரவில்லை, கீழே தொங்கவிட்டால்தான் கொஞ்சமாவது இறங்குகிறது என்பதன் அடையாளம் அது. அந்த வலிக்குக் களிம்பில் பதில் கிடையாது. மெடிக்கலில் வாங்கிப் போட்ட வலி மாத்திரையோ, ஏற்கெனவே சர்க்கரையால் களைத்திருந்த சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமை.

நரம்பு வழி இன்னும் நுட்பமானது. சர்க்கரைக்காரர்கள் அதைச் சொல்லும் சொற்களைக் கேட்டாலே நோய் புரிந்துவிடும். மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிகிறது, ஊசி குத்துகிறது, எறும்பு ஊறுகிறது, உளைச்சல் எடுக்கிறது, மதமதவென்று இருக்கிறது, பஞ்சு மேல் நடப்பதுபோல இருக்கிறது. பகலைவிட ராத்திரியில் அதிகம். காலுறை போட்டால் எதுவரை வருமோ அதுவரை இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாமே சர்க்கரையால்தான் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பல வருஷம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து இதே தொல்லை வருவதுண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். எரிச்சலைத் தணிக்கவும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. நரம்புத் தளர்ச்சி என்று ஒரு சொல்லைச் சொல்லி ஊசி போட்டு அனுப்புவதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது.

எரிகிற காலைவிட எரிச்சல் நின்றுபோன காலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். "இப்பல்லாம் எரியறதே இல்ல, அந்த மருந்து நல்லா கேக்குது" என்று ஒருவர் நிம்மதியாகச் சொல்லும்போது, நோய் தணிந்திருக்கலாம். நரம்பு செத்தும் போயிருக்கலாம். செத்துப்போன நரம்பு எரிச்சலைச் சொல்லாது. முள்ளைச் சொல்லாது, கொப்புளத்தைச் சொல்லாது. ரத்தம் போதாமல் கெண்டைக்கால் பிடிக்கும் அந்த எச்சரிக்கையையும் பலருக்கு மறைத்துவிடும். ஒரு கேட்டை இன்னொரு கேடு மூடி மறைப்பதால்தான், "எனக்குக் காலில் ஒரு வலியும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கறுத்த விரலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர். ஒருநாள் அவர் வீட்டம்மா காலையில் கூடம் பெருக்கும்போது தரையில் காசு அளவுக்கு ரத்தத் திட்டுகளைப் பார்த்தார். வாசற்படியிலிருந்து மெஷின் வரை வரிசையாக இருந்தன. "யாருக்குக் கால்ல அடிபட்டுச்சு?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கால்களைத் திருப்பிப் பார்த்தார்கள். தையற்காரர் வேலையை நிறுத்தவில்லை. கடைசியாக அவர் காலைத்தான் பார்த்தார்கள். உடைந்த மெஷின் ஊசி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. முந்தின நாள் முழுக்க அந்தக் காலால் பெடல் மிதித்திருக்கிறார். அவர் உடம்பில் ஏறிய ஊசியைத் தரையைப் பெருக்கியவர் கண்டுபிடித்தார். சரியான நேரத்தில் கண்டதால் இரண்டு வாரத்தில் ஆறியது. அவர் இன்றும் தைக்கிறார்.

இந்த விஷயத்தை உலகத்துக்கு விளக்கிச் சொன்ன ஒரு பெரிய அறிவு நம் ஊரில்தான் பிறந்தது. 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் படித்து அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். பிராண்ட் அவர்களோடு இருந்து பார்த்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுத்தார்கள், ஆணி தைத்த காலோடு நடந்தார்கள். ராத்திரி தூங்கும்போது விரல் சிறுத்துக்கொண்டே போவதன் மர்மம் தெரியாமல் இருந்தபோது, சிலர் விரல்களை எலிகள் கடித்துத் தின்பது தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளோடு பூனைகளையும் அனுப்பிவைத்தார்கள். நோய் விரலைத் தின்னவில்லை, வலி போனதுதான் விரலைத் தின்றது என்று பிராண்ட் கண்டுகொண்டார். மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், வேலூரில் கற்றது சர்க்கரை நோயாளியின் மரத்துப்போன காலுக்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டார். இன்று உலகமெங்கும் சர்க்கரைக் காலுக்கு நடக்கும் சிகிச்சையில் வேலூரின் பங்கு உண்டு. எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊரில் சொல்வது அந்த நுண்துளை ரப்பர்ச் செருப்பைத்தான்.

பூனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. உடம்பில் வலி செய்யவேண்டிய காவல் வேலையை வெளியிலிருந்து ஒரு உயிர் செய்தது. சர்க்கரைக் காலுக்கும் நாம் ஏற்கவேண்டிய பொறுப்பு அவ்வளவுதான். நோயாளியின் நரம்பு சொல்லாததை நாம் சொல்ல வேண்டும். இதை ஒருவரே செய்ய முடியாது என்பதால் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் பங்கு வீட்டுக்கு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் ஊர் மருத்துவர்கள் காசில்லாத ஒரு சோதனையைப் பரிசோதித்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ளவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று இரண்டு காலிலும் ஆறு விரல்களை லேசாக, அழுத்தாமல், தட்டாமல், ஒரு வினாடி இரண்டு வினாடி தொடுங்கள். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, டாக்டரிடம் காட்ட வேண்டும். பத்து வயதுப் பேத்தியும் செய்யலாம். அதோடு தினம் ராத்திரி படுக்கும் முன் விரல் இடுக்கையும் பாதத்தின் அடியையும் டார்ச் அடித்து ஒரு பார்வை. பல் தேய்க்கிற நேரம்கூட ஆகாது.

ஆனால் யார் காலை யார் பார்ப்பது? இங்கே நம் குடும்ப வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணவன் காலை மனைவி பிடித்துவிடுவாள், கழுவிவிடுவாள், புண் இருந்தால் முதலில் பார்ப்பதும் அவள்தான். மனைவியின் காலைக் கணவன் தொடுவதை இன்றும் பல வீடுகளில் கூடாத காரியமாக நினைக்கிறார்கள். அவளே விடமாட்டாள். "அய்யோ, நீங்க போய் என் காலத் தொடறதா" என்று புடவையை இழுத்து மூடிக்கொள்வாள். அதனால் பெண்களின் கால் நம் வீடுகளில் யாரும் பார்க்காத காலாக இருக்கிறது. வீங்கிய விரலில் மெட்டி இறுகிச் சதையை அறுத்துக்கொண்டிருக்கும். கழற்றினால் அபசகுனம் என்று அப்படியே இருப்பார்கள். மெட்டியைக் கழற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. தட்டாரிடம் கொடுத்து அகலப்படுத்திப் போட்டுக்கொள்ளலாம். அதைச் சொல்ல அந்தக் காலை யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டும். ஆண்களே, உங்கள் மனைவியின் பாதத்தைப் பார்ப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அடுத்தது மருத்துவமனை அறை. இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று, அதிர்வு பார்க்க ஒரு இசைக்கவை, புறங்காலிலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பார்க்க இரண்டு விரல்கள். காலைப் பார்க்க இவ்வளவுதான் வேண்டும், ஐந்து நிமிஷம்கூட ஆகாது. நாடி சரியில்லை என்றால் கணுக்கால் பிரஷரைக் கையின் பிரஷரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அடுத்த படி. கணுக்காலின் அளவைக் கையின் அளவால் வகுத்து, அது 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் அடைத்திருக்கிறது. சர்க்கரையால் சுண்ணாம்பேறி விறைத்த குழாயில் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், சந்தேகம் இருந்தால் கால் விரலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒரு நோயும் இல்லாத காலை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மரத்த காலை, நாடி குறைந்த காலை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கும் டாக்டரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. இந்த வேலையை அவரேதான் செய்ய வேண்டும் என்பதில்லை. பிரஷர் பார்த்து எழுதும் செவிலியர் அதே இடத்தில் காலையும் பார்த்து எழுதிவிடலாம். சீட்டில் சர்க்கரை அளவுக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல் காலுக்கும் ஒரு கட்டம் இருந்தால், அது காலியாக இருக்கும்போது நோயாளியே "காலைப் பார்க்கலையே" என்று கேட்க முடியும்.

அரசு இதில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. பின்னர் 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் கால் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் கொண்டு செல்லும் திட்டமும் வந்தது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும் என்பதே என் கோரிக்கை. வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் அந்தப் பெண் ஊழியர் பாயில் உட்கார்ந்து பாட்டியின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனால், சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட்டால், நூற்றுக்கணக்கான கால்கள் மிஞ்சும். சர்க்கரையால் காலை இழந்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்கு முதலில் ஒரு சிறு புண்ணில் தொடங்கியவர்கள்தான். பெரிய அளவில் கால் எடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் ஐந்து வருஷம் தாண்டுவதில்லை. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. அந்தப் புண் காசு அளவு இருக்கும்போதே யாராவது பார்த்துவிட வேண்டும். எம்.சி.ஆர். செருப்பும் மாத்திரையைப்போல ஒரு மருந்துதான், அதையும் மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. தொழுநோயாளிகளின் செருப்பு என்று அதை ஒதுக்கிய பழைய கூச்சம் இன்னும் போகவில்லை. நல்ல தோற்றத்தில் அதைச் செய்து தர நம் காலணித் தொழிலுக்குத் திறமை உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோலும் காலணியும் அனுப்புகிற ஊர்கள்.

மெடிக்கல் கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது. கேட்டு வருகிறவரிடம் "சுகர் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். இருக்கிறது என்றால் கொடுக்காதீர்கள். பிளேடால் ஆணியைச் செதுக்குவது, எருக்கம்பால் வைப்பது, மரத்துப்போன காலைச் சுடுதண்ணீரில் முக்குவது எல்லாம் வீட்டில் அன்போடு செய்யப்படுகிற காரியங்கள்தான். கொதிக்கிறதா என்று கால் சொல்லாது. முக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு முக்குங்கள்.

கோயில் விஷயத்தைத் தயக்கத்தோடும் மரியாதையோடும்தான் எழுதுகிறேன். வெறுங்காலோடு பிராகாரம் சுற்றுவது நம் வழிபாட்டின் பகுதி. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. சித்திரை மாத உச்சிவேளையில் கருங்கல் தளத்தில் கால் வைத்தால் உணர்ச்சி உள்ளவர் துள்ளிக்கொண்டு நிழலுக்கு ஓடிவிடுவார். மரத்த காலோடு வந்தவர் நிதானமாக மூன்று சுற்றும் சுற்றுவார். கொப்புளம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பு போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், வெள்ளைப் பூச்சு அடித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். அந்தப் பாதை நடுவில் அறுந்துபோகாமல் சுற்று முழுக்கத் தொடர வேண்டும். பருத்திக் காலுறையோடு வருகிற முதியவரை யாரும் தடுக்கக் கூடாது என்பதை அறங்காவலர்கள் ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதும், பாதிக் கூச்சம் தீர்ந்துவிடும்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எல்லோரிலும் சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள். டாக்டர் போகாதே என்றால் கேட்கமாட்டார்கள், நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் கூட்டிக்கொண்டு போகும் குருசாமி சொன்னால் கேட்பார்கள். "சுகர் உள்ளவங்க செருப்பு போட்டுத்தான் நடக்கணும், ராத்திரி பந்தல்ல காலைக் காட்டணும்" என்று அவர் சொல்லிவிட்டால் அது விதியாகிவிடும். அன்னதானப் பந்தல் போடும் புண்ணியவான்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சும் டார்ச்சும் ஒரு செவிலியரும் இருக்க ஏற்பாடு செய்யலாம். தொழுகைக்கு முன் கால் கழுவுகிறவர்கள் விரல் இடுக்கை ஈரம் இல்லாமல் துடைக்கத் தொழுகைக்கூடங்களில் துணி வைக்கலாம்.

வேலை தருகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி போட்டால் போதாது, உட்கார விட வேண்டும். பாத்தியில் வெறுங்காலோடு நிற்கும் உப்பளத் தொழிலாளி, என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்து ஓட்டும் ஓட்டுநர் ஆகியோரின் காலையும் வேலைக்கு எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். நடையே மருந்து என்று சொல்கிறோமே, அந்த நடைக்கு நடைபாதை வேண்டும். பள்ளமும் கம்பியும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற ஓரத்தில் மரத்த காலோடு ஒருவரை நடக்கச் சொல்ல மாநகராட்சிகளுக்கு உரிமை இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நோயாளியின் பங்கைச் சொல்லாமல் விடக் கூடாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தவர்களிடம், கால் எடுப்பதும் ரத்தக் குழாய் அடைப்பால் சாவதும் 43 சதவீதம் குறைவாக இருந்ததாக இங்கிலாந்தின் நீண்ட கால ஆய்வு 2000-ல் காட்டியது. பீடியை விடுவதும் அதைப்போலவே முக்கியம். இவற்றை வேறு யாரும் அவருக்காகச் செய்ய முடியாது. புண் வந்தால் மறைக்காமல் சொல்வதும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் சொல்வதற்கு ஏற்றாற்போல வீடு இருக்க வேண்டும். "உனக்கு எத்தனை தடவை சொன்னேன்" என்று திட்டுகிற வீட்டில் யாரும் காலைக் காட்டமாட்டார்கள்.

பெரியம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் பாயில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொள்வாள். முதல் இரண்டு வாரம் பெரியம்மா காலை இழுத்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோதும் இந்தப் பரிசோதனை நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "இடது, இடது, வலது" என்று பெரியம்மா சொல்லிக்கொண்டே வந்தார். வலது சுண்டுவிரலைத் தொட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. வலது நடுவிரலுக்கும் சொல்லவில்லை. "தொட்டுட்டியாடி?" என்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள். மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் வரிசையில் நின்றோம்.